வாடிக்கையாளரே திருத்தும் தளத்தில் தலைப்புக்கு மட்டும் தனி எழுத்துரு வைப்பது எப்படி?

கேட்டவர்: குடியாத்தம் தறி

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் நானும் என் தங்கையும் சின்ன அளவில் இணையதளம் செய்து கொடுக்கிறோம். ஆறு மாதமாக ஒரே ஒரு விஷயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலூரில் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜ். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் முக்கால்வாசி. ஹௌரா பக்கமிருந்து ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கி, நோயாளியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வருவார்கள். பத்து நாள், இருபது நாள் தங்குவார்கள் என்பதால் அடுப்பு, பாத்திரத்தோடு இருக்கும் அறையைத்தான் கேட்பார்கள். அதனால் தளத்தின் முதல் பக்கத்தில் பெரிய தலைப்பாக இருப்பதே "சமையல் வசதியுள்ள அறைகள் காலி உண்டு" என்பதுதான். தமிழில் ஒன்று, வங்காளத்தில் ஒன்று. அது தினம் மாறும், சில நாள் இரண்டு முறை மாறும்.

லாட்ஜ் வாசலில் உரிமையாளரின் தாத்தா காலத்துப் பெயர்ப்பலகை இருக்கிறது. தகரத்தில் எனாமல் பெயின்ட். "நிலையம்" என்ற சொல்லில் லை பழைய முறையில், யானைத் தும்பிக்கை போல மேலே சுழித்து நிற்கும். நானே நின்று பார்த்துவிட்டு வருவேன், அவ்வளவு அழகு. உரிமையாளருக்குத் தளத்தின் தலைப்பெல்லாம் அதே சாயலில் வர வேண்டும். "இன்னாம்மா இது, பலகைல கீற எழுத்து ஒண்ணு, போன்ல கீற எழுத்து ஒண்ணு" என்று முதல் நாளே கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

முதலில் தலைப்புகளைப் படமாகச் செய்து போட்டேன். பார்க்க அருமையாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எனக்குப் போன் வரும். மார்ச்சில் ஒரு நாள் நான் உறவுக்காரர் கல்யாணத்துக்காக ஆம்பூரில் இருந்தேன், போனை எடுக்கவில்லை. சமையல் அறை எல்லாம் நிரம்பிவிட்டது, தளத்தில் "காலி உண்டு" என்ற படம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு மால்டாவிலிருந்து ஒரு குடும்பம் ராத்திரி 11 மணிக்கு வந்து இறங்கியிருக்கிறது. சிறுநீரக வைத்தியத்துக்கு வந்த அம்மாவை வரவேற்பறை பெஞ்சில் படுக்க வைத்துவிட்டு, அந்தப் பையன் தெருத்தெருவாக அறை தேடியிருக்கிறான். மறுநாள் மேனேஜர் சொன்னபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் படம் சொன்ன பொய் அது.

அதற்கப்புறம் படத்தை விட்டேன். உரிமையாளரின் விசிட்டிங் கார்டு அடித்த டிடிபி சென்டரில் இருந்து அந்த ஃபான்ட் கோப்பை வாங்கி, தளத்தில் ஏற்றி, பக்கத்தின் உள்தலைப்புக்கான எச்2 குறிக்கு அதைக் கொடுத்தேன். மேனேஜர் போனில் தமிழில் டைப் செய்தால் அந்த எழுத்து வரவே இல்லை, சாதாரண எழுத்துதான் வந்தது. டிடிபி சென்டரில் அடித்த வரியை அப்படியே ஒட்டினால் அழகாக வந்தது. ஆனால் அதே பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தலைப்பு முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலங்கிக் கிடக்கிறது.

மூன்றாவதாக கூகுள் ஃபான்ட்ஸில் ஒரு கையெழுத்து மாதிரி ஃபான்ட் எடுத்துப் போட்டேன். ண, ன எல்லாம் சுழி அடைத்துக்கொண்டு மை ஊறினது போலத் தெரிகிறது. அதுவும் போக, மேனேஜர் சில தலைப்பைச் சிவப்பாக்கிவிட்டார், சிலதைப் பெரிதாக்கிவிட்டார், சிலதைத் தலைப்பாகவே போடாமல் சாதாரண பத்தியை போல்டு செய்து வைத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கௌன்டரில் நின்றே வங்காளம் கற்றுக்கொண்டவர், ஒரு கையில் சாவியும் ஒரு கையில் போனுமாக வேலை செய்கிறவர். அவர் தப்பே செய்ய முடியாதபடி நான்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும்.

வேர்ட்பிரஸ் தளம். எந்த ஃபான்ட், எப்படிப் போடுவது, வங்காளத் தலைப்பை என்ன செய்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஆற்காடு கோட்டைவாசல்

அக்கா, படம்தான் அழகு என்றால் படத்தையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நீங்கள் செய்யாதீர்கள், சர்வர் செய்யட்டும். மேனேஜர் ஒரு பெட்டியில் வரியை டைப் செய்து சேமித்தால், சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியில், படம் வரையும் ஜிடி என்ற நிரல் தொகுப்பை வைத்து அந்த ஃபான்ட்டிலேயே படம் உருவாக்கிக் காட்டிவிடலாம். ஒரு நகைக்கடைத் தளத்துக்கு ஆங்கிலத் தலைப்பில் இப்படிச் செய்திருக்கிறேன், நாலு வருடமாக ஓடுகிறது. உங்களுக்கு வேண்டுமானால் அந்த நிரலைத் தருகிறேன்.

பதில் 2: லாங் பஜார் டிடிபி

தம்பி நல்ல மனசோடு சொல்கிறார், ஆனால் ஆங்கிலத்துக்குச் சரியாக வருவது தமிழுக்கு வராதும்மா. ஜிடி எழுத்துகளை வந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போகும். "கே" என்று நாம் எழுதும்போது கணினிக்குள் முதலில் க, பிறகு இரட்டைக் கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்கிற வேலை ஜிடிக்குச் சாதாரணமாகத் தெரியாது. கொம்பு பின்னால் போய் நிற்கும், கு என்பது க தனியாகவும் உகரக் குறி தனியாகவும் பிய்ந்து வரும். முன்பு தளத்துத் தலைப்பை விருப்பமான ஃபான்ட்டில் வரைந்து காட்ட கூஃபான் என்று ஒன்று வந்ததே, அதிலும் இதே கதைதான். எழுத்துகளைச் சரியாகச் சேர்த்து அடுக்கத் தெரிந்த பேங்கோ என்ற மென்பொருள் வழியாகப் படம் செய்தால் எழுத்து சரியாக வரும், மறுக்கவில்லை. அப்போதும் அது படம்தான். மால்டாவிலிருந்து வருகிறவர் போனில் பக்கத்தை மொழிபெயர்த்துப் படிப்பார். கீழே இருக்கும் பத்தி மாறும், தலைப்புப் படம் மாறாது. முக்கியமான வரி எதுவோ அதுவே அவருக்குப் புரியாமல் போகும்.

இப்போது உங்கள் இரண்டாவது முயற்சிக்கு வருகிறேன். நான் 26 வருடமாக லாங் பஜார் பக்கம் டிடிபி செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதி பத்திரிகை, லுங்கி லேபிள், எல்லாம். உங்களுக்குக் கொடுத்த அந்த ஃபான்ட் பாமினி மாதிரியான பழைய வகை என்பது நீங்கள் சொன்ன அரைப்புள்ளியிலேயே தெரிகிறது. பாமினியில் "அம்மா" என்று திரையில் பார்க்கிறோம். கணினியில் பதிவாவது என்ன தெரியுமா? எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஃபான்ட் இருக்கிற இடத்தில் அம்மா. அது இல்லாத வாட்ஸ்அப்பிலும் கூகுளிலும் முகமூடி கழன்றுவிடும். தாளில் அச்சடிக்கும்வரை ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் தாளை யாரும் தேடுவதில்லை, பகிர்வதில்லை. தளத்தில் அது ஆகாது. மேனேஜர் போனில் அடிப்பது யூனிகோடு, எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்திருக்கிற பொது முறை. அதில் அ என்றால் அ என்றே பதிவாகும். யூனிகோடில் தமிழுக்கென்று இருக்கும் இடத்தில் அந்தப் பழைய ஃபான்ட் கோப்பில் ஒன்றுமே இல்லை, அதனால்தான் வேறு எழுத்து வந்து உட்கார்ந்தது.

பழைய வரிகள் ஏதாவது அந்த வகையில் கிடந்தால் என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் படியுங்கள். ஒற்றைக் கொம்பு, துணைக்கால், ர இந்த இடங்களில் பழைய தட்டச்சுப் பிழைகள் ஒளிந்திருக்கும்.

இன்னொன்று. டிடிபி சென்டரில் கோப்பை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்த ஃபான்ட்டை விற்றவர் கணினியில் அச்சுக்குப் பயன்படுத்தத்தான் உரிமம் கொடுத்திருப்பார். தளத்தில் ஏற்றினால் வருகிற எல்லோருக்கும் அந்தக் கோப்பை இறக்கிக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். உழைத்து வரைந்தவனுக்கு அது நியாயம் இல்லை. ஓஎஃப்எல் என்ற திறந்த உரிமத்தில் வருகிற தமிழ் ஃபான்ட்கள் இப்போது நிறைய இருக்கின்றன. நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், பலூ தம்பி 2, காடமரான், ஹிந்த் மதுரை, அனேக் தமிழ். இவற்றைத் தளத்தில் தாராளமாக வைக்கலாம்.

சுழி அடைப்பதைப் பற்றி. நீங்கள் போட்டது கவிவனாரோ பவனமோ என்று நினைக்கிறேன். அவை ஒரே எடையில் மட்டும் வருபவை. தலைப்பு என்றால் உலாவி தானாகவே தடித்த எழுத்தைக் கேட்கும். கோப்பில் இல்லையென்றால் ஓரத்தில் மையைப் பூசி அதுவே ஒரு தடிமனை உண்டாக்கிவிடும். ஆங்கில எழுத்து அதைத் தாங்கும். நம் ண, ன, ஞ எல்லாம் உள்ளே சுழி வைத்துக்கொண்டு வாழ்கிற எழுத்துகள், மூச்சு முட்டிவிடும். தலைப்புக்கு எடை 400 என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் உண்மையான 700 எடை இருக்கிற ஃபான்ட்டை எடுங்கள். எதை எடுத்தாலும் முதலில் இந்த வரியை அடித்துப் பாருங்கள்: ஸ்ரீ, க்ஷ, கொ, கௌ, நூறு ரூபாய், கீழ், துணை, ஞாயிறு. இதில் தேறினால் எதிலும் தேறும்.

பலகையைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும், அதுதான் எனக்கு மனசில் நிற்கிறது. அந்தத் தும்பிக்கை லை 1978 அரசாணைக்கு முன்பு எல்லோரும் எழுதியது. ணை, லை, ளை, னை நான்கும் அப்படித்தான் இருக்கும். ணா, றா, னாவுக்கும் தனி உருவம் உண்டு. பெரியார் தம் குடியரசு இதழில் 1935லேயே இந்தச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்துவிட்டார், பள்ளிக்கூடத்துக்கும் அரசாங்கத்துக்கும் வந்துசேர 43 வருடம் ஆனது. யூனிகோடில் பழைய லைக்கும் புதிய லைக்கும் ஒரே குறியீடுதான். எப்படி வரைவது என்பது ஃபான்ட் செய்கிறவர் கையில். அதனால் தினம் மாறுகிற தலைப்பில் அந்த லையைத் தேடி அலைய வேண்டாம். பலகையைப் பகல் வெளிச்சத்தில் நேராகப் போட்டோ எடுத்து, எழுத்தின் ஓரத்தைக் கோடு பிடித்து, எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத எஸ்விஜி என்ற கோட்டுப்படமாக ஆக்கித் தளத்தின் உச்சியில் வையுங்கள். லாட்ஜ் பெயர் தினமும் மாறப்போவதில்லை. மாறாதது வரைபடமாக இருக்கட்டும், மாறுவது எழுத்தாக இருக்கட்டும். இப்படிச் சொன்னால் உரிமையாளர் ஒத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

பதில் 3: வாணியம்பாடி டூ சென்னை

டிடிபி ஐயா எழுத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் வேர்ட்பிரஸ் பக்கம் சொல்கிறேன்.

மேனேஜருக்கு எடிட்டரையே திறந்து கொடுக்காதீர்கள் மேடம். தலைப்புக்கு ஒரே ஒரு வரிப் பெட்டி கொடுங்கள், கஸ்டம் ஃபீல்டாக. அதில் போல்டும் கிடையாது, கலரும் கிடையாது, வெறும் எழுத்து மட்டும்தான் ஏறும். எங்கிருந்து ஒட்டினாலும் அலங்காரம் எல்லாம் உதிர்ந்துவிடும். அதை எச்2 ஆக்குவது, ஃபான்ட் கொடுப்பது எல்லாம் பக்கத்தின் அமைப்பை வைத்திருக்கிற உங்கள் டெம்ப்ளேட் கோப்பில். தமிழுக்கு ஒரு பெட்டி, வங்காளத்துக்கு ஒரு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் மொழி எது என்று லாங் பண்பில் குறித்துவிடுங்கள், பார்வையற்றவர்களுக்குப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அது உதவும்.

மற்றப் பக்கங்களுக்கு எடிட்டர் வேண்டும் என்றால் தளத்தின் தோற்ற அமைப்புகள் இருக்கும் தீம்.ஜேசான் கோப்பில் இஷ்டத்துக்கு அளவு வைப்பதையும் இஷ்டத்துக்குக் கலர் வைப்பதையும் அணைத்துவிடலாம். பொத்தானே தெரியாது. அவருக்கு நிர்வாகி கணக்கு வேண்டாம், எடிட்டர் கணக்கு போதும்.

2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸிலேயே ஃபான்ட் லைப்ரரி இருக்கிறது. கூகுள் ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்தால் கோப்பு உங்கள் சர்வருக்கே வந்துவிடும். நீங்களாக வைப்பதென்றால் இணையதளத்துக்கென்று சுருக்கிய வோஃப்2 வடிவில் வையுங்கள். கோப்பைச் சிறிதாக்குகிறேன் என்று எழுத்துகளை மட்டும் வெட்டி எடுக்கும் கருவிகளில் கவனம் தேவை. எழுத்துகளைச் சேர்க்கும் விதிகளையும் சேர்த்து வெட்டிவிட்டால், ஐயா சொன்ன பிய்ந்த கு இங்கேயும் வரும். பக்கத்தின் அலங்கார விதிகளில் (சிஎஸ்எஸ்) ஃபான்ட் டிஸ்ப்ளேவுக்கு ஸ்வாப் என்று போடுங்கள். காட்பாடி ஸ்டேஷனில் சிக்னல் இல்லாமல் நிற்கிறவருக்கு ஃபான்ட் வரும்வரை வெற்றிடம் தெரியக் கூடாது. இருக்கிற எழுத்தில் சேதி முதலில் தெரியட்டும்.

வங்காளத்துக்கு அனேக் குடும்பத்தையே எடுங்கள். அனேக் தமிழ், அனேக் பங்களா இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வரைந்தவை. ஃபான்ட் வரிசையில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, எந்தக் கோப்பு எந்த எழுத்துகளுக்கு என்று சொல்லும் யூனிகோடு ரேஞ்சும் கொடுத்துவிட்டால், பக்கத்தில் வங்காள எழுத்து இருந்தால் மட்டும் அந்தக் கோப்பு இறங்கும்.

தலைப்பின் வரி உயரத்தையும் பாருங்கள். பல தீம்களில் 1.1 அல்லது 1.2 இருக்கும். மேல் வரியின் "நூறு" வாலும் கீழ் வரியின் "கீ" கொக்கியும் மோதும். 1.4க்குக் குறையாமல் வையுங்கள்.

குடியாத்தம் தறி மீண்டும்

மூன்று பேருக்கும் நன்றி. ஆற்காடு தம்பி, உங்கள் யோசனையை நான் தள்ளவில்லை. சொன்னதை உடனே செய்தும் பார்த்தேன். ஐயா சொன்னபடியே "கோ" பிய்ந்து நின்றது, அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

இப்போது அனேக் தமிழ், எடை 700, வரி உயரம் 1.45. இரண்டு பெட்டி வைத்தாயிற்று. பெட்டியில் ஒரு சிக்கல் வந்தது, அதையும் இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் யாருக்காவது தேவைப்படும். தலைப்பு போனில் மூன்று வரிக்கு ஓடக் கூடாது என்று 40 எழுத்துக்கு எல்லை வைத்தேன். மேனேஜர் "சமையல் வசதியுள்ள அறைகள் காலி இல்லை, காலையில் கேட்கவும்" என்று அடிக்கப் போனால் பாதியில் நின்றுவிட்டது. உலாவி நம் கணக்கில் எண்ணுவதில்லை. "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. புள்ளியும் குறியும் தனித்தனியாகக் கணக்கில் ஏறுகின்றன. எல்லையை 75க்கு உயர்த்தி, தலைப்பின் அளவைப் போனில் கொஞ்சம் குறைத்தேன், சரியாகிவிட்டது.

பலகை விஷயத்தை உரிமையாளரிடம் நேரில் போய்த்தான் சொன்னேன். ஐயா சொன்ன அதே சொற்களில் சொன்னேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப தாத்தா எழுத்து மேல நிக்கும், நாங்க அடிக்கறது கீழ ஓடும், அப்டித்தானே" என்றார். ஏணி எடுத்துக் கொடுத்தார். காலை எட்டு மணி வெயிலில் போட்டோ எடுத்தேன். தங்கை நான்கு நாள் உட்கார்ந்து கோடு பிடித்தாள், லைக்கு மட்டும் ஒரு முழு நாள்.

போன வியாழக்கிழமை ராத்திரி 10.20க்கு மேனேஜரே இரண்டு தலைப்பையும் மாற்றியிருக்கிறார். காலையில் தளத்தைத் திறந்தபோதுதான் எனக்கே தெரியும். சிவப்பு இல்லை, போல்டு இல்லை. வங்காளத்தில் ஒரு வரி கூடுதலாகவும் சேர்த்திருந்தார், அர்த்தம் கேட்டேன்: "நோயாளியோடு வந்திருந்தால் வாசலில் நிற்க வேண்டாம், உள்ளே வந்து உட்காருங்கள்."

பதில் 4: லாங் பஜார் டிடிபி

நல்லதும்மா. ஒன்று கேட்க மறந்தேன். அந்தக் காலத்துப் பலகை என்றால் கீழே வலது மூலையில் எழுதிய பெயின்டரின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். துரு பிடித்து மங்கியிருக்கும், போட்டோவில் தூசு மாதிரித் தெரியும். எஸ்விஜியில் அதை விட்டுவிடவில்லையே?

குடியாத்தம் தறி

விடவில்லை ஐயா. முதலில் துரு என்று நினைத்துத் துடைக்கப் போய், ஈரத்துணி பட்டதும் பெயர் தெரிந்தது. பாதிதான் படிக்க முடிந்தது. அந்தப் பாதியை இருக்கிறபடியே வரைந்து வைத்திருக்கிறோம்.